ஹாஜ்ரா வீட்டு வயிறு

எங்கள் பலாஷ்டாங்காவில் யார் வயிறு எப்போது இளகியது, யார் வயிறு எத்தனை நாளாக இறுகிக் கிடக்கிறது என்பதெல்லாம் கடவுளுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். ஸ்டேஷன் ரோட்டில் முப்பத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பர்த்வான் ஜில்லாவில் மருந்துக்கடை என்றால் முக்கால்வாசி வயிற்றுக்கடைதான். தலைவலி வந்தால் வாயு மேலே ஏறிவிட்டது என்பார்கள். முழங்கால் வலித்தால் அதே வாயு கீழே இறங்கிவிட்டது. காதலித்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனதும் நேராக என் கடைக்கு வந்து ஓமத் தண்ணீர் கேட்டவன்கூட உண்டு. நானும் கொடுத்தேன். குடித்துவிட்டு ஏப்பம் விட்டான், கொஞ்சம் தேவலாம் என்றான்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு வீட்டில் ஒருவர் வாங்கியதை அதே வீட்டில் இன்னொருவரிடம் மூச்சு விடமாட்டேன். ஹெட்மாஸ்டர் பூதேப் பாபு மூலத்துக்குக் களிம்பு வாங்குவது அவர் சம்சாரத்துக்குத் தெரியாது. அந்த அம்மாள் அதே களிம்பைத் தனக்காக வாங்குவது அவருக்குத் தெரியாது. ஒரே அறையில் இரண்டு டியூப், இரண்டு இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் சிரிக்கமாட்டேன். அபனி பால் வாயிலிருந்து எதுவும் வெளியே வராது என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடியது.

அந்த வருஷம் மழை முடியவேண்டிய பாத்ர மாதத்திலும் மழை விட்டபாடில்லை. வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் கொசு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அரிசி மில்லில் தராசுக்காரனாக இருந்த சுதாமய் ஹாஜ்ராவுக்குக் காய்ச்சல் வந்தது. முப்பத்தொன்பது வயசு. மூட்டை தராசுத் தட்டில் உட்காருவதற்கு முன்பே, தூக்கி வருகிறவன் நடையைப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவான். கால் கிலோ முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் தப்பாது. அப்பேர்ப்பட்ட ஆள் இரண்டாம் நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் உளற ஆரம்பித்தான். மூன்றாம் நாள் கையும் காலும் வெட்டி இழுத்தது. ஜில்லா ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். பக்கத்துப் படுக்கைகளில் இருந்த இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. பதினாறு நாள் கழித்து சுதாமய் திரும்பினான், அவன் பெண்டாட்டி லதிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு.

ஊருக்கு அவர்கள் மூளை என்று சொல்லவில்லை. அவனுடைய அக்கா கிரணபாலா, ஊருக்கே தீதி, அறுபது வயசு, கைம்பெண், அந்த வீட்டின் சாவிக்கொத்து அவள் முந்தானையில்தான் தொங்கும். வாசலில் வந்து விசாரித்த எல்லோரிடமும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"வயித்துக் காய்ச்சல். மில்லு வாசல்ல விக்கிற பஜ்ஜியைத் தின்னான், சூடு வயித்துலேர்ந்து தலைக்கு ஏறிடுச்சு. இப்ப எறங்கிடுச்சு."

ஆனால் வயிறும் சரியாக இல்லை என்பதுதான் விபரீதம். இரண்டு கரண்டி பார்லித் தண்ணீர் உள்ளே போனால் மூன்று கரண்டி வெளியே வந்தது. ஆறு நாளாகக் கழிவு இல்லை. வயிறு நாளுக்கு நாள் மத்தளமாக விறைத்துக்கொண்டு வந்தது. அவனோ கட்டிலில் மல்லாந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

எங்கள் ஊரில் ஒருவன் படுத்து எழுந்தால், டாக்டர் சோறு சாப்பிடலாம் என்று சொல்கிற நாள் பெரிய நாள். அன்றைக்குக் குழைந்த சாதமும் மாகூர் மீன் தண்ணிக்குழம்பும் சமைப்பார்கள். உயிரோடு இருக்கிற கெளுத்தி ஜாதி மீன், ரத்தம் ஊறும் என்பது நம்பிக்கை. ஆகவே விசாரிக்க வருகிற ஒவ்வொருவனும் ஒரு தூக்கில் நாலு மாகூர் கொண்டுவந்தான். மில்லில் நெல் காயப்போடும் பெண்கள் சேர்ந்து ஒரு பானை நிறையக் கொடுத்தனுப்பினார்கள். எல்லாம் முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் விடப்பட்டு, புதன்கிழமைக்குள் தொட்டியில் தண்ணீரைவிட மீன் அதிகமாகிவிட்டது. ஒன்று துள்ளிக் குதித்துச் சாக்கடை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கே பெரிய சண்டையாகி, அந்த வீட்டுக்காரி அதைக் குழம்பு வைத்துவிட்ட பிறகுதான் சமாதானம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை முதன்முதலாக சுகாதார நிலையத்து டாக்டர் வந்தாள். சோனாமணி ஹேம்ப்ரம், எங்கள் பக்கத்துச் சந்தால் பழங்குடிப் பெண், கல்கத்தாவில் படித்துவிட்டு இந்தச் சேற்றுக்கே திரும்பி வந்தவள். சைக்கிளில் வருவாள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நானும் மருந்து கொடுக்கப் போனபோது அங்கே இருந்தேன்.

"வயிறு கெட்டுப்போகலை தீதி," என்றாள் கிரணபாலாவிடம். "மூளையில வீக்கம் வந்தது. காய்ச்சல் போயிடுச்சு, ஆனா அங்கேர்ந்து குடலுக்கு எறங்குற நரம்பெல்லாம் இன்னும் சரியா வேலை செய்யலை. அதான் குடல் அப்படியே நிக்குது."

"மெதுவாப் பேசும்மா," என்றாள் கிரணபாலா, ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டே. "மூளை கீளைன்னு எதுக்குச் சத்தம் போடறே?"

"உங்க தம்பி மில்லுல எஞ்சின் ரூம் இருக்கில்ல? அங்கேர்ந்துதானே பெல்ட் போய் அரவை மிஷினைச் சுத்துது?"

"ஆமா."

"எஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சா அரவை மிஷின் நிக்கும். மிஷின் மேல தப்பு இல்ல. நின்ன மிஷின்ல மேல மேல நெல்லைக் கொட்டினா என்ன ஆகும்?"

"நெல்லை யார் கொட்டச் சொன்னா? அடைச்சுக்கிட்டிருக்கிறதைத் தள்ளிவிடத்தானே கேக்கறோம். ஒரு பேதி மருந்து எழுதிக் கொடு."

"அதுவும் நெல்லுதான் தீதி. பேதி மருந்து வேண்டாம், கஷாயம் வேண்டாம், பொடி வேண்டாம். நான் குடுக்கிற மாத்திரை, ஸ்பூன் ஸ்பூனா பார்லித் தண்ணி. மத்ததெல்லாம் தானா வரணும்."

"எங்க அப்பா காலத்துலேர்ந்து ஹாஜ்ரா வீட்டுல தலையில கோளாறு கிடையாது," என்றாள் கிரணபாலா. "வயித்துல உண்டு. வயித்துல கோளாறுன்னா ஊர்ல எல்லாருக்கும் உண்டு."

டாக்டர் என்னைப் பார்த்தாள். "அபனி பாபு, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

நான் பலமாகத் தலையாட்டினேன். என் தலை எப்போதும் யார் பேசினாலும் ஆடும்.

அவள் சைக்கிள் சந்து திரும்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, கிரணபாலா என் கடை முன்னால் நின்றாள். தலையில் முக்காடு, கையில் கிண்ணம்.

"அபனி, கடுக்காய்ப் பொடி நல்லதா இருக்கா? பூச்சி அரிக்காததாக் குடு."

"யாருக்கு தீதி?"

"எனக்குத்தான். ஏன், எனக்கு வயிறு இல்லையா?"

இருக்கிறது. ஆனால் அவள் வயிறு சூரியன் உதிப்பதைப்போல ஒழுங்கானது என்பது முப்பத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். இருந்தாலும் பொட்டலம் கட்டினேன்.

சாயங்காலம் சுதாமயின் தம்பி பரிதோஷ் வந்தான். தையல்கடை வைத்திருப்பவன், என்னை அண்ணன் முறையில் தாதா என்பான், கழுத்தில் டேப்போடு வந்தான்.

"தாதா, இசப்கோல் ஒரு டப்பா. அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அது ஒண்ணும் பேதி மருந்து இல்லையே? வெறும் உமிதானே?"

"உமிதான்."

"அப்ப சரி. டாக்டரம்மா உமியைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

மறுநாள் காலையில் லதிகா வந்தாள். சந்தையில் காய்கறி வாங்க வந்தவள்போல ஒரு பச்சைப் பப்பாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறினாள். விளக்கெண்ணெய் கேட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தாதா, வீட்டுல யாருக்கும்..."

"தெரியாதும்மா."

"ஒரே ஒரு கரண்டி. அதுக்கு மேல குடுக்கமாட்டேன். அவர் படற அவஸ்தையைப் பார்க்க முடியல."

கொடுத்தேன். மூன்றும் ஒரே வயிற்றுக்குத்தான் போகிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே. அதைவிட உண்மையைச் சொல்வதானால், மனசுக்குள் நானும் கிரணபாலா கட்சிதான். நேற்று வந்த பெண் தலையைப் பிடித்துக்கொண்டு வயிற்றைக் கோட்டை விடுகிறாளே என்று எனக்கும் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மில் மேனேஜர் கோஷால் ஒரு சீப்புப் பச்சை வாழைக்காயோடு சுதாமயைப் பார்க்க வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"சுதாமய், நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்?"

சுதாமய் அவரைப் பார்த்தான். உத்தரத்தைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. லதிகாவின் முகம் வெளுத்துவிட்டது. "வயிறு சரியில்லீங்க, அதான் பேச முடியல," என்றாள் கிரணபாலா. கோஷால் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "வயிறுன்னா நான் ஒண்ணும் சொல்லலை. தலைன்னா, தராசுகிட்ட நிறுத்த முடியாதும்மா. வெள்ளிக்கிழமை முதலாளி வராரு. அவர்கிட்ட நான் ஏதாவது சொல்லியாகணும்."

அன்று நாலு மணிக்கு மேல் நான் சுதாமயைப் பார்க்கப் போனேன். அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். இப்போது சொன்னால் இங்கேயே என்னைவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிதோஷ் கடைக்கு ஓடி வந்தான். "தாதா, பச்சையா வாந்தி எடுக்கிறாரு. டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பியாச்சு. நீங்க வாங்க."

போனபோது சோனாமணி வந்துவிட்டிருந்தாள். சுதாமயின் வயிறு வேட்டி முடிச்சுக்கு மேலே பளபளவென்று விறைத்து நின்றது. அவள் ஸ்டெதாஸ்கோப்பை அதில் வைத்தாள். இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். முற்றத்தில் மீன்கள் துள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலை," என்றாள் நிமிர்ந்து. "செவ்வாக்கிழமை அங்கொண்ணு இங்கொண்ணு கேட்டது. இப்ப சுத்தமா இல்ல. என்ன குடுத்தீங்க?"

"நீ சொன்னபடி பார்லித் தண்ணி," என்றாள் கிரணபாலா.

"பார்லித் தண்ணிதான்," என்றான் பரிதோஷ்.

லதிகா தரையைப் பார்த்துக்கொண்டு, "பார்லி," என்றாள்.

சோனாமணி மூன்று பேரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்மேல் கண்ணை நிறுத்தினாள். "அபனி பாபு, எனக்குத் தெரியாம இவர் வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு தெரிஞ்சாத்தான் நான் வைத்தியம் பண்ண முடியும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். குடல் அசையலைன்னா மறுபடி ஜில்லா ஆஸ்பத்திரி. வயித்தைத் திறக்கவேண்டி வந்தாலும் வரும். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

லதிகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  முப்பத்திரண்டு வருஷத்துக் கட்டுப்பாடு. கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"கடுக்காய்ப் பொடி. தீதி."

"அடப்பாவி!" என்றாள் கிரணபாலா.

"இசப்கோல். பரிதோஷ்."

"தாதா!"

"விளக்கெண்ணெய். லதிகாம்மா. அவ்வளவுதான்."

 அப்புறம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நீ உமியைக் குடுத்தியாடா? ஊறி உப்புற சாமானை?"

"நீ மட்டும் கடுக்காய் குடுக்கலாமா?"

"ஒரு கரண்டிதான் குடுத்தேன் தீதி, சத்தியமா ஒரே கரண்டி!"

"நீ ஒரு கரண்டி, அவன் ஒரு கரண்டி, என் தம்பி வயிறு என்ன பொதுக் கிணறா?"

"போதும்," என்றாள் சோனாமணி. "எல்லாரும் வெளிய போங்க. அபனி பாபு, நீங்க இருங்க. பாட்டிலைப் பிடிங்க."

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருந்ததை வெளியே எடுத்தாள். கையில் ஊசி குத்தி, கொசுவலைக் கம்பில் பாட்டிலைத் தொங்கவிட்டாள். உடம்பில் உப்புச் சத்து குறைந்துபோனாலும் குடல் நின்றுவிடுமாம், அதற்கும் பாட்டிலில் மருந்து கலந்தாள். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றாள். நாளைக் காலையிலிருந்து பிடித்துக்கொண்டு நடக்கவையுங்கள் என்றாள். போகும்போது என்னைப் பார்த்து, "சொன்னதுக்கு நன்றி," என்றாள்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் நின்ற நிலை இருக்கிறதே. இப்போது சொல்லிவிடுகிறேன். மூன்று இல்லை, நாலு. நாலாவது நான்.

என் கடையில் சிவப்பு மிக்சர் ஒன்று உண்டு. நானே கலப்பது. ஓமத் தண்ணீர், சோடா உப்பு, ஏலக்காய் டிஞ்சர், அதோடு பேதிக்கு நிலாவரை கொஞ்சம் தாராளமாகவே. பாட்டில் பக்கவாட்டில் காகிதத்தை வேளைக்கு ஒரு வெட்டாக நறுக்கி ஒட்டியிருப்பேன். சோனாமணி வந்த புதிதில் அதை முகர்ந்து பார்த்து, இதைத் தெருவில் கொட்டினால் தெரு ஓடும் என்று சொன்னவள். அந்தக் கோபம் எனக்கு உள்ளே இருந்தது. புதன்கிழமை லதிகா டீ போடப் போன நேரத்தில், சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து சுதாமய் வாயில் இரண்டு வெட்டு ஊற்றினேன். நாளைக் காலை வயிறு இறங்கும், அபனி பால் மிக்சரால் இறங்கியது என்று ஊர் பேசும் என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த காரியம். மூன்று பேரைக் காட்டிக்கொடுத்தவன் நாலாவது ஆளை மட்டும் மென்று முழுங்கிவிட்டேன்.

அன்று கடைக்குப் போகவே பிடிக்கவில்லை. முற்றத்தில் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மில்லிலிருந்து பறந்து வரும் உமிக்கரி கொடியில் காய்ந்த துணிமேலெல்லாம் படிந்துகொண்டிருந்தது. லதிகா வந்து துணிகளை உதறி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரம்மா சொல்றது எனக்குப் புரியாம இல்ல தாதா. மொதல் நாளே புரிஞ்சுது."

"அப்புறம் ஏம்மா எண்ணெய் குடுத்தே?"

"வயிறுன்னா ஏதாவது குடுக்கலாம். எண்ணெய் குடுக்கலாம், கஞ்சி குடுக்கலாம், தடவிக் குடுக்கலாம். தலைக்கு நான் என்ன குடுக்கிறது?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க மூணு பேரும் வயிறு வயிறுன்னு கத்திக்கிட்டே இருக்கோம். கத்திக்கிட்டே இருந்தா அதைப் பத்திப் பேச வேண்டாம்ல. மேனேஜர் நான் யாருன்னு கேட்டப்ப இவர் முழிச்சாரே, அப்பவே எனக்கு உசுரு போயிடுச்சு. நாளைக்கு என்கிட்ட யாருன்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

 என் கடையில் அதற்கு ஒன்றும் இல்லை. அன்றுதான் முதல்தடவையாக அந்தக் கடை எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. கிரணபாலா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். என்னை அடப்பாவி என்று சொன்ன வாய்க்கு அது பெரிய விஷயம்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நடை. பரிதோஷ் ஒரு பக்கம், லதிகா ஒரு பக்கம். பின்னால் நான் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில். கிரணபாலா மூலையில் உட்கார்ந்து ஜபமாலையை உருட்டிக்கொண்டே எண்ணினாள், ராமநாமத்தை அல்ல, நடையை. பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதி ஓய்ந்தது. பதினெட்டாவது நடை. ஜன்னல் பக்கம் திரும்புகிறபோது ஒரு சத்தம் கேட்டது.

சின்னச் சத்தம்தான். நாங்கள் நின்றுவிட்டோம். பரிதோஷ் என்னைப் பார்த்தான்.

"நான் இல்ல," என்றேன்.

"நானும் இல்ல தாதா."

லதிகா வெட்கத்தையும் பார்க்காமல், "நானும் இல்ல," என்றாள்.

மூன்று பேரும் சுதாமயைப் பார்த்தோம். அப்போது இரண்டாவது வந்தது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நீளமாக, நிதானமாக, பழைய பஸ் மேடு ஏறுவதுபோல வந்தது. கிரணபாலா ஜபமாலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். நேரே பூஜை மாடத்துக்கு ஓடி, சங்கை எடுத்து, மூன்று தடவை ஊதினாள். லதிகா குலவையிட்டாள். பரிதோஷ் அண்ணனைக் கட்டிக்கொண்டான், குழாயெல்லாம் கழன்றுவிடும்போல ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் பட்டப்பகலில் வீட்டுக்குள் சங்கு ஊதினால் குழந்தை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரி, அதுதான் மீன் குழம்பு வைத்தவள், வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள்.

"யாருக்குக் குழந்தை? பையனா பொண்ணா?"

"காத்து!" என்று கத்தினாள் கிரணபாலா. "என் தம்பிக்குக் காத்துப் பிரிஞ்சிருக்கு!"

மூன்று மணிக்குள் வயிறு முழுக்கவே இறங்கிவிட்டது. விவரம் வேண்டாம். கிரணபாலா அதைப் பார்த்துக் கைகூப்பினாள் என்பதோடு விட்டுவிடுகிறேன். சோனாமணி வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். முகம் மலர்ந்தது. கழற்றிக் கிரணபாலா காதில் மாட்டிவிட்டாள்.

"கேளுங்க தீதி."

கிரணபாலா கண்ணை மூடிக் கேட்டாள். "கடகடன்னு ஓடுதும்மா."

"எஞ்சின் ரூம்ல தீ அணைஞ்சு, பெல்ட் மாட்டியாச்சு. நாளைக்குக் கஞ்சித் தண்ணி. ஒரு வாரம் தாண்டி மீன்."

மூக்குக் குழாயை மெதுவாக உருவி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேறு குரலில் சொன்னாள், "சுதாமய் பாபு, ஏதாவது பேசுங்க."

 சிரித்துக்கொண்டிருந்த லதிகாவின் உதடு அப்படியே நின்றது. வயிறு வந்துவிட்டது. இனிமேல் ஒளிந்துகொள்ள இடமில்லை. வாசல் பெண்கள்கூடக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சுதாமய் தொண்டையைச் செருமினான். உத்தரத்தைப் பார்த்தான்.

"மூணு இல்ல," என்றான்.

"என்ன மூணு இல்ல?"

"நேத்து அபனி தாதா மூணுன்னு சொன்னாரு. நாலு."

 சோனாமணி ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனிடமே திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"நாலாவது என்ன? எப்போ?"

"புதன்கிழமை. நாலு மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் கழிச்சு. லதிகா டீ போடப் போயிருந்தா. சட்டைப் பையிலேர்ந்து பாட்டில். செவப்புத் தண்ணி. காகிதத்துல எட்டு வெட்டு இருந்துது." நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டான். "ரெண்டு வெட்டுக் குடுத்தாரு. ரெண்டுக்கும் மேலேயே இருக்கும். கை நடுங்கிச்சு அவருக்கு, கால் வெட்டு சட்டையில சிந்திச்சு."

"மத்தது?"

"பரிதோஷ் செவ்வாக்கிழமை ராத்திரி, ஒரு கரண்டி. அரைத் தம்ளர் தண்ணி, பத்தலை. லதிகா புதன் காலையில. ஒரு கரண்டின்னு சொன்னா, ஆனா ஒண்ணரை. அக்கா ரெண்டு தடவை குடுத்தா. ஒரு தடவைன்னு நேத்து எல்லாரும் நெனச்சுட்டாங்க."

"டேய்!" என்றாள் கிரணபாலா.

"ஏங்க, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள் லதிகா. 

"நாலு பேரும் தனித்தனியா வந்து யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க. நான் சொல்லல."

லதிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கிரணபாலா என் பக்கம் திரும்பினாள். ஆரம்பித்தாள். என்னை, என் கடையை, என் அப்பாவை, என் மிக்சரை. சோனாமணி அந்தப் பாட்டிலை நாளைக்குச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள், அது அதைவிட மோசம். வாசலில் இருந்த பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள். ஐந்து மணி ரயிலுக்கு முன்னால் பலாஷ்டாங்கா முழுக்கத் தெரிந்துவிடும். முப்பத்திரண்டு வருஷத்துப் பேர் அந்தச் சிமெண்டுத் தரையில் கிடந்தது. நான் அழுதுவிடுவேன்போல இருந்தேன், ஆனால் வெட்கத்தால் இல்லை. அந்தக் கால் வெட்டு. அது சட்டையில் சிந்தியது எனக்கே மறந்துபோயிருந்தது, அவன் அளந்து வைத்திருந்தான்.

அப்போதுதான் முற்றத்தில் பெரிய உடம்பும் சின்னக் குரலும் வந்து நின்றன. மேனேஜர் கோஷால். முதலாளி வந்துவிட்டாராம், மில் கேட்டில் காரில் உட்கார்ந்திருக்கிறாராம், தராசுக்காரன் விஷயம் என்னவென்று கேட்கிறாராம்.

"எப்படி இருக்கான்? வயிறுதானா, இல்ல..." என்று இழுத்தார்.

கிரணபாலா வாயை மூடிக்கொண்டாள். லதிகா எழுந்து நின்றாள்.  நான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில், காது நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்துப் போட்டு, கோஷாலைக் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்தேன்.

"சுதா," என்றேன், "புதன்கிழமை நான் உனக்கு என்ன குடுத்தேன், இன்னொரு தடவை சொல்லு. மொதல்லேர்ந்து. ஒண்ணும் விடாம."